மனநல ஆராய்ச்சியில் மருந்து நிறுவனத்துக்கு என்ன வேலை?

மனநல ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவத்தை நீட்டும்போது, பெரும்பாலும் நோயாளருடன் வந்தவரே அதை முதலில் வாங்கிப் படிக்கிறார். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கண்டு தலையசைப்பவர், அதன் அருகில் மருந்து நிறுவனத்தின் பெயரைக் கண்டதும் நிமிர்ந்து பார்க்கிறார். இவர்களுக்கு இதில் என்ன வேலை? இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடையாக, ஐரோப்பாவில் நடந்து முடிந்த ஓர் ஆய்வை இங்கே எடுத்துரைக்கிறோம்.

மூன்று நகரங்கள், ஓர் ஆய்வு

மனச்சோர்வு தணிந்த பின்னும் மீண்டும் தலைகாட்டக்கூடியது. மருத்துவரை அடுத்த முறை சந்திக்கும் நாள் வருமுன்பே அது முற்றிவிடலாம். உறக்கம் குலைவதையும் நடமாட்டம் குறைவதையும் வீட்டார் கவனிக்கிறார்கள். ஆனால் அதன் பொருளை அறிய இயலாமல் தவிக்கிறார்கள். இம்மாற்றங்களைக் கைப்பட்டையும் கைப்பேசியும் முன்கூட்டியே உணர்த்துமா என்பதை ஆராயும் ராடார்-சிஎன்எஸ் என்னும் திட்டம் 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியும் யான்சென் மருந்து நிறுவனமும் இணைந்து அதனை வழிநடத்தின. மனச்சோர்வுக்கான பகுதியில் லண்டன், ஆம்ஸ்டர்டாம், பார்சிலோனா ஆகிய மூன்று நகரங்களில் 623 பேர் சேர்ந்தனர். இதில் எவருக்கும் புதிய மருந்து கொடுத்துச் சோதிக்கப்படவில்லை. அவர்கள் கைப்பட்டை அணிந்தார்கள். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை தம் மனநிலை குறித்த வினாக்களுக்குக் கைப்பேசியில் விடையளித்தார்கள்.

இருவரும் ஏன் தேவை?

நோயாளரின் நம்பிக்கையும் மருத்துவ அனுபவமும் பல்கலைக்கழக மருத்துவமனைகளிடம் உள்ளன. பெருந்திரளான தரவுகளைக் கையாளும் வல்லுநர்களும், மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுடன் பழகிய அனுபவமும் நிறுவனங்களிடம் உள்ளன. இத்திட்டத்திற்கு நிதியளித்த ஐரோப்பியப் பொது-தனியார் கூட்டமைப்பின் விதிப்படி, பொதுமக்களின் வரிப்பணம் பெரிய மருந்து நிறுவனங்களுக்குச் செல்வதில்லை. அவை தம் பங்காக ஆட்களையும் வசதிகளையும் அளிக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

இவர்களை ஒருங்கிணைப்பதே பெரும்பணி. மூன்று நாடுகளிலும் தனித்தனியே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். ஒரே வினாத்தாள் வெவ்வேறு மொழிகளிலும் ஒரே பொருளைத் தர வேண்டும். தரவுகளை யார் பார்க்கலாம், முடிவுகளை யார் வெளியிடலாம் என்பவற்றை முன்னரே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். திட்டத்தின் நடுவே, 2018 மே மாதத்தில், ஐரோப்பாவின் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2020-இல் பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்குள் அடைத்தது. வீட்டிலேயே இருப்பதை நோயின் அறிகுறியாகக் கருதலாமா என்ற கேள்வி அப்போது கூர்மையடைந்தது.

நோயாளர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றும் இத்திட்டத்தில் இடம்பெற்றது. நோயை அனுபவித்தவர்கள் ஆய்வு நடைபெறும் முறை குறித்துக் கருத்துரைத்தார்கள் என்பது நாம் மனங்கொள்ளத்தக்கது.

வீட்டிலேயே நீண்ட நேரம் இருப்பதற்கும், உறக்கம் சீர்கெடுவதற்கும், மனச்சோர்வின் கடுமைக்கும் தொடர்பு உண்டு என்பது தரவுகளில் தென்பட்டது. குடும்பத்தார் கண்ணால் கண்டதற்கு அளவு கிடைத்தது எனலாம். ஆயினும் கைப்பட்டை மருத்துவராகிவிடாது. அத்தகைய தொடர்பைக் கொண்டு மட்டும் ஒருவருக்கு நோய் திரும்பியது என்று தீர்மானித்தல் கூடாது.

நம் நாட்டில் உங்கள் உரிமை

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயுள்ளவரிடம் நேர்காணல் நடத்துவதற்கும்கூட, விவரங்களை விளக்கி, அவர் தாமே மனமுவந்து தரும் ஒப்புதலைப் பெற வேண்டும் என்கிறது. ஒப்புதல் அளித்தவர் அதை எந்நேரமும் திரும்பப் பெறலாம். ஆய்வில் சேர மறுப்பதாலோ இடையில் விலகுவதாலோ வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது என்பது ஆராய்ச்சி நெறிமுறையின் அடிப்படை.

படிவம் உங்கள் கைக்கு வரும்போது இவற்றைக் கேளுங்கள்:

• இதில் புதிய மருந்து உண்டா, அல்லது தகவல் மட்டும் திரட்டப்படுகிறதா?
• நிறுவனம் எங்கள் பெயரை அறியுமா, அல்லது குறியீட்டு எண்ணை மட்டும் பார்க்குமா?
• நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா? அக்குழுவை அணுகுவது எப்படி?
• விலகினால், அதுவரை திரட்டிய தகவல் என்னவாகும்?
• நள்ளிரவில் மனநிலை மோசமானால் யாரை அழைப்பது? கருவியில் பதிவாகும் தகவலை அந்நேரம் யாரேனும் பார்த்துக்கொண்டிருப்பார்களா?

கடைசிக் கேள்வியை மறவாதீர்கள். ஆய்வுக்காகத் திரட்டப்படும் தகவலை அன்றன்றே மருத்துவர் பார்க்கிறார் என்று எண்ணி, உதவி கேட்காமல் இருந்துவிடுவது ஆபத்தானது. கைப்பட்டை கையில் இருந்தாலும், துன்பம் மிகும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்; எங்களை அழையுங்கள்.

படிவத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்று, குடும்பத்தாருடன் கலந்து பேசி, பிறகு முடிவு செய்யுங்கள். சம்மதமானாலும் மறுப்பானாலும் அது உங்கள் முடிவு. அதை மதிப்பது எங்கள் கடமை.