கறுப்புக் கதாநாயகிக்குக் காதல் கூடாதா?

"சபையர்" தியேட்டரில் 596 நாள் கிடைத்த பதில்

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் "சபையர்" என்று ஒரு தியேட்டர் இருந்தது. இன்று அது இல்லை.

அந்தத் தியேட்டரில் 1978-ம் ஆண்டு ஒரு தெலுங்குப் படம் வெளியாயிற்று. பெயர், "மரோ சரித்ரா." கறுப்பு-வெள்ளைப் படம். தமிழில் குரல் மாற்றக் கூட இல்லை. அப்படியே தெலுங்கில் ஓடியது.

எத்தனை நாள் ஓடியது தெரியுமா? 596 நாள்! ஒன்றரை ஆண்டுக்கும் மேல்!

தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாதவர்களும் போய்ப் பார்த்தார்கள். ஒரு தடவை பார்த்தவர்கள் மறு தடவையும் போனார்கள்.

கதை சிக்கல் இல்லாதது. ஒரு தமிழ்ப் பையன். ஒரு தெலுங்குப் பெண். பக்கத்துப் பக்கத்து வீடு. காதல் பிறக்கிறது. பெற்றோர் குறுக்கே நிற்கிறார்கள். முடிவில் காதலர் இருவரும் சாகிறார்கள். தியேட்டரில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக் கொண்டு வெளியே வந்தார்கள்.

பையனாக நடித்தவர், கமலஹாசன். நல்ல சிவப்பு. பெண்ணாக நடித்தவர், சரிதா. நல்ல கறுப்பு. பள்ளிக்கூடத்தில் படித்துக் கொண்டிருந்த புதுமுகம். பெரிய கண்கள்.

"இந்தப் பையனுக்கு இந்தப் பெண்ணா?" என்று ரசிகர்கள் முகம் சுளித்திருந்தால், படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போயிருக்கும். போகவில்லையே!

ஒரே டைரக்டர், இரண்டு முகங்கள்

சரிதாவைக் கொண்டு வந்தவர், டைரக்டர் கே.பாலசந்தர். மயிலாப்பூர், வாரன் ரோட்டில் குடியிருந்தவர்.

இதே பாலசந்தர்தான் 1975-ம் ஆண்டு "அபூர்வ ராகங்கள்" படத்தில் இன்னொரு கறுப்பு முகத்தைத் தமிழ் ரசிகர்களுக்குக் காட்டினார். அவர்தான் ரஜினிகாந்த்.

1978-ல் இந்த இருவரையும் "தப்புத் தாளங்கள்" படத்தில் ஜோடியாகவும் போட்டார். கறுப்புக் கதாநாயகன், கறுப்புக் கதாநாயகி. ரவுடி ஒருவனும் விலைமகள் ஒருத்தியும் திருந்தி வாழ ஆசைப்படும் கதை அது.

அதன் பிறகு அவர் பாதை வேறு, இவர் பாதை வேறு.

ரஜினிகாந்த் "சூப்பர் ஸ்டார்" ஆனார். வானுயர "கட்-அவுட்" வைத்தார்கள். பால் ஊற்றினார்கள். அவருடைய நிறமே அவருக்குப் பெருமை ஆயிற்று. விஜயகாந்தை "கறுப்பு எம்.ஜி.ஆர்." என்று ரசிகர்கள் செல்லமாக அழைத்தார்கள். 2000-ம் ஆண்டு வந்த "வெற்றிக்கொடி கட்டு" படத்தில், கறுப்பு நிறத்தைப் புகழ்ந்து ஒரு பெண் பாடும் பாட்டு பட்டி தொட்டியெல்லாம் ஒலித்தது.

ஆணின் கறுப்புக்குப் பாட்டு கிடைத்து விட்டது. பெண்ணின் கறுப்புக்கு?

சரிதாவும் சும்மா இருந்து விடவில்லை. "மவுன கீதங்கள்", "தண்ணீர் தண்ணீர்", "அச்சமில்லை அச்சமில்லை" என்று வரிசையாக நல்ல படங்கள். நடிப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தார். ஆனால் அவருக்குப் பின்னால் கறுப்புக் கதாநாயகிகள் கூட்டமாக வந்தார்களா? இல்லை. பட அதிபர்கள் மும்பைக்கு விமானம் ஏறினார்கள். சிவந்த பெண்களை அழைத்து வந்தார்கள். மும்பையில் இருந்து வந்த குஷ்புவுக்கு 1990-களில் திருச்சிப் பக்கம் ரசிகர்கள் கோவிலே கட்டினார்கள்!

"மரோ சரித்ரா"வை 1981-ல் பாலசந்தரே இந்தியில் எடுத்தார். படத்தின் பெயர், "ஏக் தூஜே கே லியே." அதே கமலஹாசன். பெண் மட்டும் மாறினாள். ரதி அக்னிகோத்ரி நடித்தார்; நல்ல சிவப்பு. இந்தியில் அவள் வடநாட்டுப் பெண், அதனால் வடநாட்டு நடிகை வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் வடநாட்டில் கறுப்புப் பெண்களே இல்லையா, என்ன?

பவுடர் பூசிய காலம்

இந்தச் சிவப்பு மோகம் திடீர் என்று முளைத்தது அல்ல. மேம்பாலத்துக்கே பெயர் கொடுத்த ஜெமினி ஸ்டூடியோவில், "பான்கேக்" என்ற பூச்சை மூட்டை மூட்டையாக வாங்கி நடிகர், நடிகையருக்கு அப்புவார்களாம். அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் அதை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். இவர் பின்னாளில் தியாகராய நகரில் வசித்தவர்.

இன்று அதே தியாகராய நகரில் உஸ்மான் ரோடு வழியே நடந்து பாருங்கள். ஜவுளிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மைகள் என்ன நிறம்? வெள்ளை வெளேர்! உள்ளே சேலை வாங்கும் பெண்கள் என்ன நிறம்? அந்தப் பொம்மையின் சாயலில் ஒருவராவது உண்டா?

சிரித்தது யாரைப் பார்த்து?

2007-ம் ஆண்டு, ஜூன் மாதம். "சிவாஜி" படம் வெளியாயிற்று. ஏ.வி.எம். தயாரிப்பு. ஷங்கர் டைரக்ஷன். ரஜினிகாந்த் கதாநாயகன்.

கதாநாயகனுக்குப் பெண் தேடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் இரண்டு மகள்களைக் காட்டி, பழகிப் பார்க்கச் சொல்கிறார். மகள்கள் இருவருக்கும் முகத்தில் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் கதாநாயகன் அலறுகிறான். தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது.

அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் என்ன? அங்கவை, சங்கவை!

பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் மகள்களுக்கு வழங்கும் பெயர்கள் அவை. தந்தை போரில் மாண்ட பிறகு, அந்தப் பெண்களைக் கபிலர் அழைத்துக் கொண்டு அரசர் வாசல் வாசலாகப் போனார். "இவர்களை மணந்து கொள்" என்று விச்சிக்கோனிடம் கேட்டார், இருங்கோவேளிடம் கேட்டார். பலிக்கவில்லை. புறநானூற்றில் இருக்கிற கண்ணீர்க் கதை அது. அந்தப் பெயர்களைக் கேலிக்கு எடுத்ததைத் தமிழ் ஆர்வலர்கள் கண்டித்தார்கள். பெயருக்காகக் கோபப்பட்டவர்கள் பலர். நிறத்துக்காகக் கோபப்பட்டவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

படத்தில் கதாநாயகனையும் கறுப்பு என்று கேலி செய்கிறார்களே என்று கேட்கலாம். உண்மை. காதலி சொன்னாள் என்பதற்காக அவன் நிறம் மாற என்னென்னவோ வைத்தியம் செய்து கொள்கிறான். அதற்கும் ரசிகர்கள் சிரித்தார்கள். ஆனால் அவனுக்குக் கடைசியில் காதலி கிடைத்தாள். அந்த இரண்டு பெண்களுக்குக் கிடைத்தது சிரிப்பு மட்டுமே. "இவர்களுக்குக் கூட மாப்பிள்ளை ஆசையா?" என்பதுதான் அங்கே நகைச்சுவை.

அந்த இருட்டில் தாயோடும் தம்பியோடும் உட்கார்ந்து படம் பார்த்த கறுப்புப் பெண்கள் எத்தனை ஆயிரம் பேர்! பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டு விட்டு, "நிறம் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிப் போன வீடுகள் எத்தனை! "சிவந்த நிறமுள்ள மணமகள் தேவை" என்ற விளம்பரத்தைப் படித்து விட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கத்தான் வேண்டியிருந்தது.

விசில் அடித்து "சபையர்" தியேட்டரை நிரப்பியவர்களும் தமிழ் ரசிகர்கள்தான். 2007-ல் சிரித்தவர்களும் தமிழ் ரசிகர்கள்தான். சரிதாவைக் காதலியாகக் காட்டினார்கள், ரசிகர்கள் அழுதார்கள். அங்கவையைக் கேலியாகக் காட்டினார்கள், ரசிகர்கள் சிரித்தார்கள். "ஜனங்கள் கறுப்புக் கதாநாயகியை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்று பட உலகம் பழியை ஜனங்கள் மீது போடுவது பாதி உண்மை கூட இல்லை.

லண்டனிலும் இதே கதை

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல.

அமெரிக்காவில் 2014-ல் "தி பிளாஷ்" என்ற டெலிவிஷன் தொடர் தொடங்கியது. மின்னல் வேகத்தில் ஓடும் வீரன் ஒருவனின் கதை. அவன் காதலி ஐரிஸ் வேடத்தில் கேண்டிஸ் பேட்டன் என்ற கறுப்பின நடிகை நடித்தார். பழைய சித்திரக் கதையில் ஐரிஸ் வெள்ளைக்காரி. ரசிகர்களில் ஒரு பகுதியினர் கொதித்தார்கள். நடிகையை நிறம் சொல்லித் திட்டினார்கள்.

2024-ல் லண்டன் நாடக மேடையில் "ரோமியோ-ஜூலியட்" போட்டார்கள். ரோமியோவாக "ஸ்பைடர்மேன்" புகழ் டாம் ஹாலண்ட். ஜூலியட்டாக பிரான்செஸ்கா அமேவுடா-ரிவர்ஸ் என்ற கறுப்பின நடிகை. நாடகம் மேடை ஏறும் முன்பே அவர் மீது வசை மழை! நாடகக் குழுவே அதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டி வந்தது. நூற்றுக்கணக்கான கறுப்பினக் கலைஞர்கள் கையெழுத்துப் போட்டு அவருக்குத் துணை நின்றார்கள்.

கவனித்தீர்களா? வேலைக்காரியாகவோ தோழியாகவோ கறுப்புப் பெண் வந்தால் எங்கும் சண்டை இல்லை. ஒருவன் அவளை உயிருக்கு உயிராகக் காதலிக்கிறான் என்றால்தான் சண்டை.

சென்னையில் கிளம்பிய குரல்

சிவப்பழகுக் களிம்புக்கு எதிராக ஒரு குரல் சென்னையில்தான் கிளம்பியது. "விமன் ஆப் வொர்த்" என்ற அமைப்பு 2009-ல் "கறுப்பும் அழகுதான்" என்று பிரசாரம் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்தார். மறு ஆண்டே, கறுப்பைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் விதி வகுத்தது. 1975 முதல் விற்பனையில் இருந்த "பேர் அண்டு லவ்லி" களிம்பு, 2020-ல் பெயரில் இருந்த "பேர்" என்ற சொல்லை நீக்கிக் கொண்டது. களிம்பு இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது!

நந்திதா தாஸ் தமிழ் ரசிகர்களுக்குப் புதியவர் அல்ல. 2002-ல் தங்கர் பச்சான் எடுத்த "அழகி" படத்தின் தனலட்சுமி அவர்தான். படத்துக்குப் பெயரே "அழகி"! பள்ளிக்கூடக் காதலை மறக்க முடியாத கதாநாயகனோடு ரசிகர்களும் சேர்ந்து உருகினார்கள். அதற்கு முன்பே, பாலுமகேந்திராவின் "வீடு" படத்தில் அர்ச்சனா இருந்தார். சொந்த வீடு கட்டப் போராடும் சென்னைப் பெண். பக்கத்தில் ஆதரவாக ஒரு காதலன். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது.

பிறகு ஐஸ்வர்யா ராஜேஷ். சென்னையில் வளர்ந்தவர். நிறத்தைக் காரணம் காட்டிக் கதாநாயகி வேடம் தர மறுத்தார்கள் என்றும், நகைச்சுவை நடிகருக்கு ஜோடியாகப் போடுவதாகச் சொன்னார்கள் என்றும் 2020-ம் ஆண்டு ஒரு மேடையில் அவரே சொன்னார். காதல் நிஜம் என்றால் உனக்கு இல்லை. கேலி என்றால் உண்டு! "காக்கா முட்டை"யில் இரண்டு பையன்களுக்குத் தாயாக நடித்துத்தான் அவர் பெயர் வாங்க முடிந்தது. 2018-ல் "வட சென்னை" படத்தில் தனுசுக்குக் காதலி ஆனார்.

சரிதா என்ன ஆனார்?

1990-களில் அவர் முகம் திரையில் குறைந்தது. குரல் குறையவில்லை. விஜயசாந்தி, நக்மா போன்ற சிவந்த நட்சத்திரங்கள் திரையில் காதல் மொழி பேசியபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் முன்னால் நின்று பேசியவர் சரிதா. ரசிகர்கள் அந்த முகங்களைப் பார்த்துச் சொக்கினார்கள்.

2023-ல் "மாவீரன்" படத்தில் அவர் முகம் மறுபடியும் திரைக்கு வந்தது. சிவகார்த்திகேயனுக்கு அம்மா வேடம்.