மண்மேடு சொல்லும் வரலாறு

மாளிகை என்றதும் உயர்ந்த மதில்களும் கோபுரங்களுமே நம் நினைவிற்கு வரும். ஆனால் பள்ளமும் மேடுமாகப் புல்வெளியில் மறைந்து கிடக்கும் மாளிகைகளும் உண்டு. இங்கிலாந்தில் அகழி சூழ்ந்த இத்தகைய மாளிகைகளின் தடங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 1250-க்கும் 1350-க்கும் இடையே அமைந்தவை.

நிலக்கிழார்கள் அகழி வெட்டியது ஏன்? திருடரையும் விலங்குகளையும் அது தடுத்தது. பெரும்படையைத் தடுக்க அது போதாது. ஊராரிடையே தம் செல்வாக்கைக் காட்டுவதே முதன்மையான நோக்கம் என்பர் ஆய்வாளர். வெட்டிய மண்ணை உட்புறம் பரப்பி மேடாக்கி, அதன்மேல் வீடு எழுப்புவதுண்டு. பல இடங்களில் அருகிலேயே மீன்குளங்களும் இருந்தன. வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் மக்கள் புலால் உண்ணாததால் மீன் மிகவும் தேவைப்பட்டது.

நாட்டிங்காம்ஷயரில் உள்ள ஸ்குரூபி என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். அங்கே யார்க் பேராயர்களுக்கு அகழி சூழ்ந்த பெரிய மாளிகை ஒன்று இருந்தது. அரசரின் சினத்திற்கு ஆளாகிப் பதவியிழந்த கர்தினால் உல்சி, 1530-இல் இங்கே தங்கினார். அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் இறந்தார். பின்னாளில் இங்கு வாழ்ந்தவர் வில்லியம் புரூஸ்டர். இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்கள் 1606 முதல் இவர் இல்லத்தில் கூடி வழிபட்டனர். பேராயரின் மாளிகையே, பேராயர்களின் அதிகாரத்தை ஏற்காதவர்களுக்குப் புகலிடமானது வியப்பன்றோ! அவர்கள் 1607-இல் நாட்டைவிட்டு வெளியேற முயன்றபோது பிடிபட்டுச் சிறைப்பட்டனர். 1608-இல் ஹாலந்து சேர்ந்தனர். 1620-இல் 'மேஃபிளவர்' கப்பலில் அமெரிக்கா சென்றவர்களுள் புரூஸ்டரும் ஒருவர்.

அந்த மாளிகையின் பெரும்பகுதி 17-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. எஞ்சிய ஒரு பகுதி பண்ணை வீடாயிற்று, மற்றவை மண்தடங்களே.

இத்தகைய தடங்களைக் காண்பது எப்படி? காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் படும்போது சிறு மேடும் நிழல் தரும். அப்போது எடுக்கும் விமானப் படங்களில் அகழியின் கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் நிலத்தை உழுது சமன் செய்துவிட்டால் அத்தடம் மறைந்துவிடும். மீண்டும் அதை உருவாக்க இயலாது. ஆகவே 1979-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டத்தின்கீழ் இத்தகைய இடங்கள் பல காக்கப்படுகின்றன.

அன்புத் தோழியரே! கல்லில் மட்டுமன்று, மண்ணிலும் வரலாறு எழுதப்பட்டுள்ளது. வெறும் மேடு என்று எதையும் தள்ளிவிடாமல், "இங்கே யார் வாழ்ந்தனர்?" என்று கேட்கப் பழகுவோம்.