நல்ல நூலுக்கு நாமே தூதுவர்

நல்ல நூல் தானே பரவும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். மலரைத் தேடி வண்டு வருதல் அதன் மணத்தால் அன்றோ? அலமாரியில் அடைபட்ட நூலுக்கு மணமுமில்லை, வாயுமில்லை. படித்தவர் வாயே அதன் வாய். இதனை நமக்குச் செயலிற் காட்டியவர், இடுக்கிக் காட்டில் தேநீர்க்கடை நடத்திய ஒரு பெரியவர்.

மூணாற்றுக்கு அப்பால், பெட்டிமுடியிலிருந்து காட்டுவழியே நெடுந்தூரம் நடந்தால் இடமலைக்குடி வரும். முதுவர் பழங்குடியினர் வாழும் இப்பகுதி, 2010ஆம் ஆண்டில் கேரளத்தின் முதற் பழங்குடி ஊராட்சியாயிற்று. அங்கே ஒரு சிற்றூரில், தம் சிறு கடையையே நூலகமாக்கி நடத்தி வந்தார் பி. வி. சின்னத்தம்பி என்பார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரிற் கண்டு 2014இல் எழுதிய கட்டுரையால் வெளியுலகம் இதனை அறிந்தது.

இரண்டு சாக்குகளில் 160 நூல்கள். எடுத்தவர் பெயரையும் நூலின் பெயரையும் ஒழுங்காகக் குறித்த ஒரு பேரேடு. நூலகம் என்பது இவ்வளவே. உறுப்பினராக ஒருமுறை 25 ரூபாயும், மாதந்தோறும் 2 ரூபாயும் கட்டணம். மலையாள மொழிபெயர்ப்பில் இருந்த சிலப்பதிகாரம் ஒருமுறைக்கு மேல் இரவல் போயிருந்தது. சேர இளவல் இயற்றியதென வழங்கும் காப்பியம், அச்சேரநாட்டு மலைக்காட்டிலே கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்டது. எந்த விளம்பரமும் அதனை அங்குக் கொண்டு சேர்க்கவில்லை. எடுத்துக் கொடுக்க ஒருவர் இருந்தார், அவ்வளவே.

ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931இல் வகுத்தார், சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவ்வாசகரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நூலகருக்கு மட்டும் உரியதன்று; அந்நூலை நேசிப்பவர்க்கும் உரியது.

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் தலைமுறைகளாக வாழும் நமக்கு இப்பொறுப்பு இருமடங்காகும். பள்ளியில் வேறு மொழியிற் பயிலும் நம் பிள்ளைக்குத் தமிழ் நூலை எடுத்துக் கொடுப்பவர் யார்? ஊர் நூலகத்திலுள்ள தமிழ் நூலை ஓராண்டு முழுதும் எவரும் தொடவில்லையெனில், மறு ஆண்டில் மற்றொன்றை வாங்க நூலகர்க்கு மனம் வருமா? அவரைக் குறைகூறுமுன், பேரேட்டில் நம் பெயர் உண்டா என்று பார்ப்போம்.

செய்யத்தக்கவை எளியனவே. நூலகத்தில் உறுப்பினராகி, மாதம் ஒரு தமிழ் நூலேனும் எடுப்போம். இல்லாத நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துக் கேட்போம். 'நல்ல நூல்' என்று பொதுவாகப் புகழாமல், இன்னார்க்கு இது பிடிக்கும் என்றறிந்து, அதில் நம்மைத் தொட்ட இடத்தைச் சொல்லிக் கையிற் கொடுப்போம். மணவிழாவிலும் புதுமனை புகுவிழாவிலும் பாத்திரத்தோடு ஒரு நூலையும் பரிசளிப்போம். மலையாள அண்டை வீட்டார்க்கு, நாம் விரும்பிய நூலின் மொழிபெயர்ப்பு உண்டேல் அதனைச் சொல்வோம். நூலாசிரியர்க்கு ஒரு மடல் எழுதுவோம். அடுத்த நூலுக்கு அதுவே உரமாகும்.

இரவல் போன நூல் திரும்புவதில்லை என்று சிலர் வருந்துவர். அவர்கள் வீட்டிலும் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். பெயர் எழுதி வாங்கியவர்க்குத் திருப்பித் தரும் நினைவு வரும்; கேட்கும் நமக்கும் கூச்சம் இராது.

1945இல் திருவிதாங்கூரில் 47 நூலகங்களை ஒருங்கிணைத்துச் சங்கம் கண்ட பி. என். பணிக்கரின் நினைவாக, ஜூன் 19ஆம் நாளைக் கேரளம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. வரும் ஜூன் 19இல் நம் இல்லத்தார் ஒவ்வொருவரும் தாம் விரும்பிய ஒரு நூலை இன்னொருவர் கையில் சேர்ப்பாராக. காட்டுக்குள் ஒரு தேநீர்க்கடைக்கு இயன்றது, வீடும் வீதியும் நூலகமும் வாய்த்த நமக்கு இயலாதா?