கழற்றி மாட்டிய வீடு

முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் மரத்தாலான ஒரு சிரியன் கிறிஸ்தவ வீடு இருக்கிறது. 1850-இல் கோட்டயத்தை அடுத்த புதுப்பள்ளியில் கட்டியது. அதன் மாதிரியில் புதிதாக எழுப்பியது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நின்ற அதே வீடுதான், மலையைத் தாண்டி நம் கடற்கரைக்கு வந்திருக்கிறது. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகப் போய்விடலாம்.

வீடு எப்படி ஊர் மாறும்? மூட்டுகளில் இருக்கிறது சூட்சுமம். ஒரு மரத்தின் முனையைத் தச்சர் கழுந்தாகச் செதுக்குவார். அது இறங்க அடுத்த மரத்தில் துளை போடுவார். இரண்டையும் சேர்த்துக் குறுக்கே மர ஆணி அடித்தால் மூட்டு இறுகிவிடும். பசை வேண்டாம், இரும்பும் வேண்டாம். ஆணியைத் தட்டி எடுத்தால் மூட்டு கழன்றுவிடும். ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி லாரியில் ஏற்றி, போன இடத்தில் அதே வரிசையில் கோக்கலாம். கான்கிரீட் வீட்டை இடித்தால் கம்பியும் ஜல்லியும்தான் மிஞ்சும்.

இங்கிலாந்தின் பழைய மரச்சட்ட வீடுகளும் இதே கணக்கில் நிற்பவைதான். கூரையின் பாரம் கைமரம், உத்திரம், தூண் என்று இறங்கி அடிக்கல்லுக்குப் போய்விடும். சுவருக்குச் சுமை இல்லை. அதனால் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்த களிமண்ணைப் பூசினார்கள். நம் ஊர்க் குடிசைச் சுவரேதான்! ஓக் மரத்தைப் பச்சையாகவே அறுத்துப் பொருத்தினார்கள். கழுந்தில் ஆணிக்கான ஓட்டையை, அது இறங்கும் மரத்தின் ஆணி ஓட்டையிலிருந்து சற்றே விலக்கிப் போடுவார்கள்; ஆணி இறங்க இறங்க இரு மரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இப்படிக் கட்டிய 15-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று, பேலீஃப் என்று பெயர், கென்ட் பகுதியில் நீர்த்தேக்கம் வந்தபோது இடம் இழந்தது. அதைக் கழற்றிக் கொண்டுபோய் சசெக்ஸில் ஓர் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள்.

கழற்ற முடிவதே இந்த வீடுகளுக்கு ஆபத்தாகவும் ஆகிவிட்டது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பழைய வீடுகளின் தூண் தனியாகவும் கதவு தனியாகவும் விலைக்குக் கிடக்கின்றன. எந்தத் தூண் எந்த உத்திரத்தைத் தாங்கியது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அப்படியொரு வீட்டை விற்றே ஆக வேண்டிய நிலை என்றால், கழற்றும் முன் வரைபடம் எடுத்து மரங்களுக்கு எண்ணாவது போட்டு வையுங்கள். வாங்குகிறவர் முழு வீடாகவே எழுப்ப அது போதும்.