ஓசூரில் ஏறினால் கடற்கரையில் இறங்கலாம்!



'டூர்' என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? ஒரு வேன், காது கிழியப் பாட்டு, ஊட்டி இல்லாவிட்டால் கொடைக்கானல், ஆளுக்கு இத்தனை ஆயிரம் என்று வசூல். பணம் கட்ட முடியாதவர்கள் "உடம்பு சரியில்லடா" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வார்கள். இப்படியே நம்மில் பலர் எந்த ஊரையும் பார்க்காமலே டிப்ளமோவை முடித்து, சிப்காட்டில் ஷிப்டுக்குப் போய்விடுகிறோம்.

ஐரோப்பாவில் 1972-ல் 'இண்டர்ரெயில்' என்று ஒரு சீட்டு கொண்டுவந்தார்கள். அப்போது அது 21 வயது வரை உள்ளவர்களுக்கு. ஒரே சீட்டு, ஒரு மாதம் பல நாட்டு ரயில்களில் ஏறி இறங்கலாம். முதுகில் ஒரு பை, பக்கத்தில் ஒரு நண்பன், அவ்வளவுதான். பழைய நகரங்களையும் கடலோர கிராமங்களையும் அங்குள்ள பிள்ளைகள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

"அது வெள்ளைக்காரன் ஊர், நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீர்கள். பழைய நகரமும் கடலோர கிராமமும் நம்மிடமும் உண்டு. அங்கே போகும் ரயில் தினமும் காலையில் நம் ஓசூர் ஸ்டேஷனிலேயே நின்று போகிறது. செமஸ்டர் லீவில் நானும் என் நண்பனும் ஆறு நாள் அப்படிப் போய் வந்தோம். ஆளுக்கு 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. நீங்களும் போகலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

மஞ்சள் பலகை சொல்லும் பாடம்

நாங்கள் ஏறியது பெங்களூரு – காரைக்கால் வண்டி. ஓசூர், தர்மபுரி, சேலம், விருத்தாசலம், சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகக் காரைக்கால் போகிறது. காலையில் ஏறினால் பொழுது சாயும்போது சிதம்பரம், இருட்டியதும் மயிலாடுதுறை.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே ஒரு எண் இருக்கும். அது கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம். சிவில் மாணவர்கள் சர்வேயில் படிக்கும் அதே அளவுதான். ஓசூர் சுமார் 900 மீட்டர். கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஹள்ளி, பாலக்கோடு என்று வண்டி இறங்க இறங்க எண்ணும் இறங்குகிறது. தொப்பூர் மலையைத் தாண்டிச் சேலம் வரும்போது 300 மீட்டருக்குள் வந்துவிடும். கடற்கரை ஊர்களில் ஒற்றை இலக்கம்தான். ஒரே பகலில், உட்கார்ந்த இடத்திலேயே தக்காண பீடபூமியிலிருந்து கடலுக்கு இறங்கிவிடுகிறோம்.

இன்னொரு சங்கதி. ஓசூர் தமிழ்நாட்டில் இருந்தாலும், ஸ்டேஷன் இருப்பது தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில். எல்லையில் இருக்கிற நமக்கு இது புதுசு இல்லைதான்!

கிருஷ்ணகிரிக்கு ரயில் இருந்ததா?

என் நண்பன் கிருஷ்ணகிரி பக்கம். அவன் ரயில் ஏற பஸ் பிடித்து ஓசூர் வந்தான். 2004-ல் தனி மாவட்டமான கிருஷ்ணகிரியின் தலைநகரில் ஸ்டேஷன் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது என்றால் நம்புவீர்களா?

திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ல் குறுகிய பாதை ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். 1906-ல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இதேபோல் ஒன்று. 1913-ல் அதை ஓசூர் வரை நீட்டினார்கள். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வேண்டும் என்று போட்ட பாதைகள் இவை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1941-ல் மூடிவிட்டார்கள். ஓசூருக்குப் பிறகு சேலம் – பெங்களூரு பாதை வந்தது. கிருஷ்ணகிரிக்குத் திரும்ப வரவே இல்லை.

ஒரு பாதை இருந்தால் ஊர் பக்கத்தில் வருகிறது. எடுத்துவிட்டால் தூரம் போகிறது. வழி முழுக்க நாங்கள் பார்த்தது இதைத்தான்.

தரங்கம்பாடி: டென்மார்க் கட்டிய கோட்டை

மயிலாடுதுறையில் இறங்கி, மறுநாள் காலை பஸ்ஸில் தரங்கம்பாடி போனோம். 1926-லிருந்து இங்கேயும் ரயில் வந்துகொண்டிருந்தது, 1980-களில் நிறுத்திவிட்டார்கள். அதனால் இப்போது பஸ்தான்.

சின்ன மீனவர் ஊர். ஆனால் கடலைப் பார்த்தபடி ஒரு ஐரோப்பியக் கோட்டை நிற்கிறது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620-ல் டென்மார்க் நாட்டுக்காரர்கள் தொடங்கிய டேன்ஸ்பர்க் கோட்டை இது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

1706-ல் இங்கு வந்த சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏராளமாகச் செலவாயிற்று. அதனால் இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகித ஆலையும் தொடங்கினார்கள். மெட்டீரியல் மிச்சம் பிடிப்பது எப்படி என்று நமக்கு வொர்க்ஷாப்பில் சொல்லித் தருகிறார்களே, அந்தப் பாடம் இங்கே முந்நூறு வருஷத்துக்கு முன்பே நடந்திருக்கிறது.

கோட்டைக்குப் பக்கத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. மனிதன் கட்டியதைக் கடல் கேட்டால் கொடுத்துவிடத்தான் வேண்டும் போல.

நாகப்பட்டினம்: தெற்கத்தி ரயில் பிறந்த ஊர்களில் ஒன்று

சோழர் காலத்துத் துறைமுகம். ராஜராஜன் காலத்தில் கடல் தாண்டி ஸ்ரீவிஜய அரசன் இங்கே புத்த விகாரம் கட்டினான். அதைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடுகள் ஹாலந்து போய்ச் சேர்ந்ததால் 'லைடன் செப்பேடுகள்' என்றே பெயர் பெற்றன. போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-ல் டச்சுக்காரர்களும், அவர்களிடமிருந்து 1781-ல் ஆங்கிலேயரும் ஊரைப் பிடித்தார்கள்.

நமக்கு முக்கியமானது வேறு. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர், திருச்சிக்குப் பாதை போட்டார்கள். இந்த ஊரில் பெரிய ரயில்வே தொழிற்சாலையும் இருந்தது. 1928-ல் அது திருச்சி பொன்மலைக்கு மாறியது. தொழிற்சாலை போனதும் ஊரின் பிழைப்பு எப்படி மாறியிருக்கும் என்பதை, கம்பெனி வண்டிச் சத்தத்தில் கண் விழிக்கிற ஓசூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது. கரையில் நின்றபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அங்கிருந்து அம்மாவுக்கு போன் போட்டேன். எங்கம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை, கடலைப் பார்த்ததில்லை. "தண்ணி நெசமாவே உப்பா இருக்குதாடா?" என்று கேட்டார்கள். அலைச் சத்தம் கேட்கட்டும் என்று போனைக் கடல் பக்கம் நீட்டினேன். அடுத்த முறை அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்.

தஞ்சைப் பெரிய கோயில்: கல் எங்கிருந்து வந்தது?

1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்தது. விமானம் சுமார் 216 அடி. 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நேரில் பார்த்தால்தான் ஒரு கேள்வி வரும். தஞ்சாவூரைச் சுற்றி வயலும் வண்டல் மண்ணும்தான். நம்ம பக்கம் மாதிரி கருங்கல் மலை கிடையாது. அத்தனை கல்லையும் வெளியிலிருந்துதான் இழுத்து வந்திருக்கிறார்கள்.

எங்கப்பா கிரானைட் குவாரியில் வேலை செய்தவர். நான் புறப்படும்போது, "படிக்க அனுப்பினா ஊர் சுத்தப் போறியா?" என்று கோபித்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்கிறவன் நான்; அவர் கேட்டது நியாயம்தான். திரும்பி வந்து கோயில் போட்டோவைக் காட்டி, "மெஷின் இல்லாம எப்படிப்பா கல்லை அறுத்திருப்பாங்க?" என்று கேட்டேன். "அறுக்கறதா? வரிசையா குழி போட்டு, ஆப்பு வச்சு அடிச்சா நேரா பொளந்துக்கும். மெஷின் வர்றதுக்கு முன்னாடி நாங்களும் அப்படித்தான்" என்றார். ராத்திரி வெகுநேரம் அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் சுற்றியது வீண் என்று பிறகு அவர் சொல்லவில்லை.

பாம்பன், தனுஷ்கோடி

தஞ்சையிலிருந்து திருச்சி, அங்கிருந்து ராமேஸ்வரம். பாம்பன் பழைய பாலம் 1914-ல் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, கை திறந்த மாதிரி மேலே எழும்பும். ஆட்களே நெம்புகோல் தள்ளி இயக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் சுமார் 2 கிலோமீட்டர் நீளம். இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி லிப்ட் மாதிரி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது. பாரத்தைச் சமன் செய்ய எதிர் எடை உண்டு. மெக்கானிக்கல் மாணவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

முன்பு பாதை தனுஷ்கோடி வரை போயிற்று. அங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் இறங்கி, கொழும்புக்கு ரயில் பிடிப்பார்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையும் பாதையையும், பயணிகளோடு ஒரு ரயிலையும் கொண்டுபோய்விட்டது. இன்று மணலில் சுவர்கள்தான் நிற்கின்றன.

பிறகு மதுரை. அங்கிருந்து ஓசூர் வழியாகப் போகும் தூத்துக்குடி – மைசூரு எக்ஸ்பிரஸில் வீடு வந்து சேர்ந்தோம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு ஆகும் காசு குறையும். துண்டு துண்டாக வாங்குவதைவிட நீளமான டிக்கெட் லாபம்.

2. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில், அந்த 500-ஐத் தாண்டியபின் வழியில் ஓரிடத்தில் இறங்கி இரண்டு நாள் வரை தங்கலாம். 1,000-க்கு மேல் என்றால் இரண்டு இடம்.

3. புறப்பட்ட ஊருக்கே திரும்புவதானால் 'சுற்றுப் பயணச் சீட்டு' உண்டு. அதிகபட்சம் எட்டு இடத்தில் இறங்கலாம். முன்கூட்டியே வழியை எழுதிக் கொடுத்து வாங்க வேண்டும். நமக்கும் ஒரு 'இண்டர்ரெயில்'!

4. மாணவர் சலுகை சொந்த ஊர் போகவும் கல்விச் சுற்றுலாவுக்கும்தான். முதல்வர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். வகுப்பாகப் போவதென்றால் கேட்டு வாங்குங்கள்.

5. பகலில் பொதுப் பெட்டி போதும். இரவுப் பயணத்துக்கு மட்டும் படுக்கை முன்பதிவு செய்யுங்கள். வண்டி நேரம் மாறும். கிளம்பும் முன் விசாரியுங்கள்.

6. ஒரு நோட்டு கொண்டுபோங்கள். பலகை எண், பாலம், கோட்டை, கேட்டறிந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்தக் கட்டுரையே அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

நண்பர்களே, வேலை கிடைத்தபின் போகலாம் என்றால் அப்போது லீவு கிடைக்காது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ரயில் என்றால் பிழைப்புத் தேடிப் போகும் வழி. நமக்கு அது படிக்கப் போகும் வழியாகவும் இருக்கட்டும். அடுத்த லீவில் ஒரு நண்பனைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். அடுத்த ஆண்டு மலரில் உங்கள் கட்டுரையை நாங்கள் படிக்கிறோம்!