வேதிவினையை ‘லைவ்’வாகப் பார்க்க முடியுமா? ஒரு நிமிடத்தில் மங்கும் சிக்னலின் கதை

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தெரியும்தானே? அதே காந்த உத்தி வேதியியல் ஆய்வகத்துக்குப் போனால் அதன் பெயர் என்.எம்.ஆர். ஒரு கரைசலில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதை, அவற்றைச் சிதைக்காமலே சொல்லிவிடும். ஆனா ஒரு சிக்கல்: சிக்னல் ரொம்ப வீக்!

ஏன் வீக்?

சுத்துக்கேணி பக்கம் இருப்பவர்களுக்கு வில்லியனூர் தேர் தெரியும். அந்த வடத்தை ஒரு லட்சம் பேர் பிடித்து, பாதிப் பேர் முன்னாலும் பாதிப் பேர் பின்னாலும் இழுத்தால் தேர் நகருமா? ஹைட்ரஜன் அணுக்கருக்களும் அப்படித்தான். 9.4 டெஸ்லா காந்தத்துக்குள் வைத்தாலும், அறை வெப்பநிலையில் லட்சத்துக்குச் சுமார் 3 கருக்கள்தான் ஒரு பக்கம் கூடுதல். நமக்குக் கிடைப்பது அந்த 3 கருக்களின் சிக்னல் மட்டுமே. அதனால் திரும்பத் திரும்ப அளந்து கூட்ட வேண்டும். அதற்குள் வேகமான வேதிவினை முடிந்தே போயிருக்கும்.

பெங்களூரு கண்ட வழி

1951-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஜி.சூர்யன், ஓடும் திரவத்தில் என்.எம்.ஆர். அளந்து கட்டுரை வெளியிட்டார். தேங்கி நிற்கும் திரவத்தில் ரேடியோ அலை பட்டு கருக்கள் ‘சோர்ந்து’விடும். திரவம் ஓடினால் புதுக் கருக்கள் வந்துகொண்டே இருக்கும், சிக்னல் கூடும்.

10,000 மடங்கு

அடுத்த பாய்ச்சலுக்குக் கைகொடுத்தது எலக்ட்ரான். அதன் காந்த வலிமை அணுக்கருவைவிடப் பல நூறு மடங்கு அதிகம். அதைக் கருவுக்குக் கடத்தலாம் என்று 1953-ல் ஆல்பர்ட் ஓவர்ஹாசர் சொன்னார். 2003-ல் ஆர்டென்ஷேர்-லார்சன் குழு, மாதிரியைச் சுமார் மைனஸ் 272 டிகிரியில் உறையவைத்து, மைக்ரோவேவ் பாய்ச்சி, சட்டென்று சூடான திரவத்தில் கரைத்தது. சிக்னல் 10,000 மடங்குக்கும் மேல் எகிறியது!

நமக்கென்ன லாபம்?

புற்றுநோய் செல்கள் பைருவேட்டை வேகமாக லாக்டேட்டாக மாற்றும். 2013-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகக் குழு, இப்படிச் சிக்னல் கூட்டிய பைருவேட்டை 31 புராஸ்டேட் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தி, இந்த மாற்றத்தை உடலுக்குள்ளேயே படம்பிடித்ததாக அறிவித்தது. பயன்படுத்தியது கார்பன்-13; கதிரியக்கம் கிடையாது. கட்டியின் அளவு மாறும் முன்பே, மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க உதவுமா என்பதுதான் இப்போதைய எதிர்பார்ப்பு.

ஆனா நேரம்தான் வில்லன். பைருவேட்டில் ஏற்றிய சிக்னல் ஒரு நிமிடத்திலேயே பெருமளவு மங்கிவிடும். ரீசார்ஜ் செய்ய முடியாது. கரைப்பது, செலுத்துவது, படமெடுப்பது எல்லாவற்றையும் சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். தவறினால், முதலிலிருந்து மறுபடி உறையவைக்க வேண்டியதுதான்.