வெயிலில் கிடக்கும் மரத்திற்கு எந்தப் பூச்சு?

தோட்டத்து பெஞ்சின் ரீப்பர்களுக்கு வார்னிஷ் அடித்தால் அன்றைக்குக் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் ஐப்பசி மழையில் மரம் ஊதும், சித்திரை வெயிலில் சுருங்கும். இறுகிப்போன வார்னிஷ் ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். வெடிப்பில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தை மக்கச் செய்யும்.

ஆளிவிதை எண்ணெய் மரத்தினுள் ஊறிவிடுவதால் தோலாக உரிவதில்லை. மீனவர்கள் படகுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதும் இவ்வகையே. சிறிது செங்காவி கலந்தால் வெயிலையும் தடுக்கும் (மிகுந்தால் வெள்ளைச் சீருடையில் ஒட்டிக்கொள்ளும்!). வெட்டுமுனைகளே நீரை அதிகம் உறிஞ்சும். அங்கே இருமுறை பூசுங்கள். ஆண்டுதோறும் மீண்டும் பூச வேண்டும், அதுதான் சிரமம்.

மிஞ்சிய எண்ணெயைத் துடைத்தெடுக்க, தறி ஊரான சென்னிமலையில் கழிவு நூலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த நூலைச் சுருட்டி மூலையில் போட்டால், காயும்போது சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்துப் போடுங்கள்.